ஐகானுக்கு ரேஸ் கேம்ஷாஃப்ட் தேவையா?

கேள்வி: என் ஃபோர்டு ஐகான் 1.6 காரில் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டால் வேகம் கூடுமா? - வாசகர், சேலையூர்

பதில்: கூடும், ஆனால் நீங்கள் தினமும் ஓட்டும் சாலையில் அல்ல. ரேஸ் கேம்ஷாஃப்ட் வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கிறது. இன்ஜின் 5,000 சுற்றுகளைத் தாண்டும்போது, விரைந்து வரும் காற்று தன் உந்துதலாலேயே சிலிண்டரை நன்றாக நிரப்பும். 2,000 சுற்றுகளில் அந்த உந்துதல் இருக்காது. மேலேறும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைத் திருப்பித் தள்ளிவிடும். இழுவை குறையும், ஏசி போட்டு நின்றால் ஐடிலிங் தடுமாறும். பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, காலை நெரிசலில் எவரால் 5,000 சுற்றுகளைத் தொட முடியும்? மறைமலைநகரில் உருவான உங்கள் காருக்குக் கீழ்ச்சுற்று இழுவைதான் பெரிய பலம். அதை இழக்க எனக்கு மனம் வராது.

"ஈசியூவை ட்யூன் செய்தால் சரியாகிவிடும்" என்பார்கள். எரிபொருளையும் தீப்பொறி நேரத்தையும்தான் அது திருத்தும். வால்வு மூடும் நேரத்தைத் தொடாது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கென்றே ஒரு கார் வைத்திருந்தால், வலுவான வால்வு ஸ்பிரிங்குகளோடு தாராளமாக மாற்றலாம். உங்கள் காருக்கு முதலில் கேம் மேடுகளை மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அசல் வடிவக் கேம்ஷாஃப்ட்டையே போடுங்கள். டைமிங் செயினையும் அப்போதே பார்த்துவிடலாம்.