விழித்திருக்கும் காவலன்

மின்சாரம் நம் இல்லங்களில் ஏவலனைப் போலப் பணி புரிகின்றது. விளக்கை எரிக்கின்றது; விசிறியைச் சுழற்றுகின்றது; நீரைக் கொதிக்க வைக்கின்றது. ஆயினும், தன் வழி தவறினால் அதுவே உயிரைக் கவரும் பகையாகவும் மாறும். ஆகவே, பல வீடுகளின் மின்பலகையில் ஒரு காவலனை அமர்த்தியுள்ளனர். அக்காவலனின் குரலுக்கு நாம் எவ்வாறு செவிசாய்த்தல் வேண்டும் என்பதை ஒரு நிகழ்ச்சியால் அறிவோம்.

ஓர் இல்லத்தில் வெந்நீர் காய்ச்சும் எவர்சில்வர் மின்கெட்டில் ஒன்று இருந்தது. அதனுள் உப்புப் படிந்திருந்தமையால், அவ்வீட்டு அம்மையார் அதனைக் குழாய் நீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவினார். பின்னர் நீர் நிரப்பிச் சுவிட்சைப் போட்டார். உடனே வீடு முழுவதும் மின்சாரம் நின்றது. மின்பலகையிலிருந்த பிரேக்கரின் கைப்பிடி கீழிறங்கியிருந்தது. கெட்டிலின் பிளக்கை எடுத்துவிட்டுக் கைப்பிடியை உயர்த்தியதும் விளக்குகள் எரிந்தன. கெட்டிலை மீண்டும் இணைத்தபோது மின்சாரம் மீண்டும் நின்றது.

அம்மையாரின் மகன், “அம்மா, பிரேக்கர்தான் பழுதாகிவிட்டது. பிளக்கில் உள்ள எர்த் கம்பியை அவிழ்த்துவிட்டால் இத்தொல்லை தீரும்” என்று கூறித் திருப்புளியை எடுத்தான்.

அவ்வேளையில் அண்டை வீட்டு முதியவர் அங்கு வந்தார். அவர் நெடுங்காலம் மின்பணி செய்தவர். “தம்பி, சற்றுப் பொறு. காவலன் கூவுகின்றான். நீ கள்வனைத் தேடாமல் காவலனின் வாயைக் கட்ட முயல்கின்றாய்” என்றார்.

“ஐயா, இங்குக் கள்வன் யார்?” என்று அவன் வினவினான்.

“மின்னோட்டம் ஒரு கம்பி வழியே சென்று மற்றொரு கம்பி வழியே திரும்புதல் வேண்டும். சென்ற அளவையும் திரும்பிய அளவையும் இக்கருவி இடைவிடாமல் ஒப்பிடுகின்றது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். அதில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கசிவையே இது கண்டுபிடிக்கின்றது.

“கெட்டிலின் அடியில் உலோகக் குழல் ஒன்று உண்டு. அதனுள் நிக்ரோம் கம்பிச்சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்னும் பொடியை இறுக அடைத்திருப்பர். அப்பொடி வெப்பத்தைக் கடத்தும். உலர்ந்திருக்கும் வரையில் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால், ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கழுவிய நீர் அதனுள்ளோ, அடிப்புற இணைப்பிலோ புகுந்திருத்தல் வேண்டும். அந்த ஈரமே கள்வன். அதன் வழியே மின்சாரம் கெட்டிலின் உடலுக்குக் கசிகின்றது.”

“எர்த் கம்பியை அவிழ்த்தால் பிரேக்கர் விழாதல்லவா?”

“விழாமல் இருக்கலாம். ஆனால், கசிந்த மின்சாரம் நிலத்திற்குச் செல்ல வழியின்றிக் கெட்டிலின் உடலிலேயே நிற்கும். அதனை முதலில் தொடுபவரின் உடலே அதற்கு வழியாகும். நாளைக் காலையில் அதைத் தொடப்போவது யாருடைய கை?”

மகன் தாயை நோக்கினான். திருப்புளியைக் கீழே வைத்தான்.

பின்னர், முதியவர் சொன்னவாறு அதே பிளக் துளையில் வேறொரு கருவியை இணைத்துப் பார்த்தனர், பிரேக்கர் விழவில்லை. குறை கெட்டிலிலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று. அதன் நீரைக் கொட்டி, மூடியைத் திறந்து, காற்றும் வெயிலும் படும் இடத்தில் இரண்டு நாள் உலர வைத்தனர். மூன்றாம் நாள் முதியவர் தம் மின்காப்புச் சோதனைக் கருவியால் சோதித்தார். காப்பு நன்கு மீண்டிருந்தது. அதன்பின் கெட்டிலை இணைத்தபோது பிரேக்கர் விழவில்லை.

“உலர்ந்த பின்னும் விழுந்திருந்தால் இதனை விலக்கிவிடுதலே அறிவுடைமை. இனிமேல் இதனைக் குழாயடியில் கழுவாதீர்கள். எலுமிச்சைச் சாறு கலந்த நீரை உள்ளே காய்ச்சிக் கொட்டினால் உப்பு நீங்கும். பிளக்கை எடுத்து, கெட்டில் ஆறிய பின், வெளிப்புறத்தைப் பிழிந்த துணியால் துடைத்தல் போதும்” என்று கூறி அவர் விடைபெற்றார்.

மாணவர்களே, பிரேக்கர் விழும்போது நமக்குச் சிறிது இடையூறு நேர்கின்றது. அவ்விடையூறே நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. எச்சரிப்பவனைப் பகைத்தல் பேதைமை. எச்சரிக்கையின் காரணத்தை நாடி அதனை நீக்குதலே அறிவு.