வெள்ளிமலையில் பணியேற்கும் மருமகனுக்கு

அன்பு மருமகனுக்கு மாமா எழுதும் கடிதம்.

ஜாம்பி என்பது செத்தும் சாகாமல் எழுந்து நடந்து, உயிருள்ளோரைக் கடித்து, கடிபட்டவரையும் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் கற்பனைப் பிறவியாகும். ஹைத்தி நாட்டின் நம்பிக்கைகளிலிருந்து கிளம்பிய இவ்வுருவம் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த திரைப்படத்தின் வழியே உலகெங்கும் பரவிற்று. தமிழில் 2016இல் வந்த ‘மிருதன்’ அதனை ஊட்டி வரை கொண்டுவந்தது. அப்படியொரு கூட்டம் சமவெளியைச் சூழ்ந்துகொண்டால் கல்வராயன் மலைதான் தப்பிக்கும் இடம் என்றும், பணி கிடைத்திருக்கும் வெள்ளிமலைப் பள்ளியே கோட்டை என்றும், கயிறு, டார்ச், அரிவாள், ஒரு மூட்டைச் சாமை, காவலுக்கு ஒரு நாய்க்குட்டி ஆகியவை இருந்தால் போதும் என்றும் மருமகன் தம் தாய்க்கு எழுதியனுப்பிய பட்டியலை வீட்டில் எல்லோரும் படித்துச் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பட்டியலின் கடைசிப் பொருள்தான் அதற்குக் காரணம்.

கற்பனையைக் குறைத்துப் பேசுவது இக்கடிதத்தின் நோக்கமன்று. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமே 2011இல் ஜாம்பிகளைக் காட்டித்தான் பேரிடருக்கு முன்கூட்டி ஆயத்தமாவது எப்படி என்பதை இளைஞர்களுக்குக் கற்பித்தது. ஆனால், கடியால் பரவி, நடத்தையைத் திரித்து, பின்னர் கொன்றுவிடும் நோய் ஒன்று கற்பனையாக அல்லாமல் நம் தெருவிலேயே இருக்கும்போது, ஆயத்தம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

ரேபிஸ் எனப்படும் வெறிநோயின் வைரஸ், நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலிருந்து கடிவாய் வழியே உடலுக்குள் புகுந்து, இரத்தத்தில் பரவாமல் நரம்பு இழைகளைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. இந்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். ஒரு வாரத்தில் முடிவதும் ஓராண்டு வரை நீள்வதும் உண்டு. முகம், தலை, விரல் போன்ற இடங்களில் கடி விழுந்தால் காலம் சுருங்கிவிடக்கூடும். மூளையை எட்டிய வைரஸ் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கி, அதே வேளையில் விலங்கின் மூர்க்கத்தையும் தூண்டி, அடுத்த கடிக்கு வழி செய்துகொள்கிறது. மனிதரிடத்தில் இந்நோய் பெரும்பாலும் நீர்வெறுப்பாக வெளிப்படுகிறது. அதாவது, நீரை விழுங்க முயலும்போதும் சில வேளை நீரைக் கண்டமாத்திரத்திலும் தொண்டைத் தசைகள் இழுத்துப் பிடித்து மூச்சுத் திணறும். முகத்தில் காற்றுப் பட்டாலும் அதே துன்பம் நேரும். நோயுற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் எந்த மூர்க்கமும் இல்லாமல், கைகால் தளர்ந்து அமைதியாகவே முடிந்துபோகின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். அவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்தியர்கள். மனிதருக்கு நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியே வருகிறது. அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அநேகமாக இல்லை. 2004இல் அமெரிக்காவில் ஒரு சிறுமியை ஆழ்மயக்கத்தில் வைத்துப் பிழைக்கவைத்த முறை, பின்னர் பிறரிடத்தில் நம்பத்தக்க பலன் தரவில்லை.

கதையும் நோயும் பிரியும் இடம் ஒன்று உண்டு. பிழைப்பது அவ்விடத்தில்தான் இருக்கிறது. திரைப்படத்தில் கடிபட்டவன் அந்தக் கணமே இழக்கப்பட்டவனாகி, நண்பர்களாலேயே சுடப்படுகிறான். ரேபிஸில் கடிபட்டவர் இழக்கப்பட்டவர் அல்லர். வைரஸ் நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும் அந்த வாரங்கள் முழுவதும் மீட்புக்குரிய காலமே. ஆனால் அக்காலத்தின் நீளம் எவருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதால் முதல் நாளே கடைசி நாள் என்று கருதிச் செயல்படவேண்டும். கதையில் ஊரை விட்டு ஓடுபவர் பிழைக்கிறார். இந்நோயில் ஊசி இருக்கும் ஊரை நோக்கி ஓடுபவரே பிழைக்கிறார். ஆகவே கோட்டை என்று மருமகன் குறித்திருக்கும் மலையை மாமாவால் கோட்டை என்று ஏற்க முடியவில்லை.

தென்னிந்தியாவின் அனுபவமே இதற்குச் சான்று. 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்ட பின்னரும், தெற்கே நாய்க்கடி பட்டவர் நாட்கணக்கில் ரயிலேறி வடக்கே செல்ல வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்ததே அத்தொலைவைக் குறைப்பதற்காகத்தான். கல்வராயன் மலை இன்றும் அத்தொலைவின் சிறு வடிவத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1976 வரை ஜாகிர்தார்களின், அதாவது வரி தண்டும் உரிமை பெற்ற பரம்பரைத் தலைவர்களின், பிடியில் இருந்த மலை அது. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகி, வெள்ளிமலை வட்டத் தலைமையிடமான பின்னரும், சேராப்பட்டு, இன்னாடு போன்ற ஊர்களைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து சாலைக்கு வர நடக்கவேண்டிய இடங்கள் உண்டு. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கு எடுத்ததும் நினைவிருக்கலாம். கச்சிராயப்பாளையத்துக்கு இறங்கும் கடைசிப் பேருந்து போய்விட்ட மாலையில் கடி விழுந்தால் என்ன செய்வது என்பதே மருமகன் பட்டியலில் முதலில் இருந்திருக்க வேண்டிய கேள்வி.

விடை ஒரு சோப்புக் கட்டியில் தொடங்குகிறது. ரேபிஸ் வைரஸைக் கொழுப்பாலான ஓர் உறை போர்த்தியிருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. எனவே கடிவாயை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் குறையாமல் கழுவவேண்டும். பின்னர் போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இடலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, சாம்பல், பச்சிலைச் சாறு எதுவும் கூடாது. இறுகக் கட்டுவதும் உடனே தையல் போடுவதும் கூடாது. அதன்பின் ஊசி. தோலின் அடுக்குக்குள் இரண்டு இடங்களில் 0.1 மில்லி வீதம், முதல் நாள், 3ஆம், 7ஆம், 28ஆம் நாட்களில் போடப்படும் முறையே இப்போது அரசு மருத்துவமனைகளில் பெரிதும் வழங்குகிறது. தோல் கிழிந்து இரத்தம் கண்ட கடி மூன்றாம் வகை எனப்படும். அதற்கு ஊசியோடு, ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினையும் காயத்துக்குள்ளேயே செலுத்தவேண்டும், ஏனெனில் ஊசியின் பலன் உடலில் உருவாக நாளாகும். இம்மருந்து கிடைக்கப் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக்கே இறங்க வேண்டியிருக்கும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கலாம். ஆனால் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக்கூடாது.

நாய்க்குட்டிக்கு வருவோம். கச்சிராயப்பாளையத்து வீட்டில் நடந்தது மருமகனுக்குத் தெரியும்; தெரியவேண்டிய அளவுக்குச் சொல்லப்படவில்லை என்பதே மாமாவின் எண்ணம். ‘குட்டிதானே, பல் பட்ட கீறல்தானே’ என்று அன்று தீர்ப்புச் சொன்னவர் மருத்துவர் அல்லர். வேர் கட்டச் சொன்னவரும் அவரே. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று கடிபட்ட பிள்ளையைப் பயமுறுத்தியவரும் அவரே. ஆட்டின் மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அப்பழைய மருந்து வலி மிக்கதுதான், சிலருக்கு நரம்புக் கோளாறும் தந்ததுதான். அது இந்தியாவில் கைவிடப்பட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் வலி என்பது உயிருக்கு ஈடாக வைக்கத்தக்க பொருளா? அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வந்து அதே திண்ணையில் அமர்ந்து, விதி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்; எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. மருமகனின் தாய் இன்றுவரை அந்தத் திண்ணைப் பக்கம் உட்காருவதில்லை. குட்டிநாயும் வெறிநோயைச் சுமக்கும். தடுப்பூசி போடாத குட்டியை அறைக்குள் விட்டால், அது காவலாகாது.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் நாற்பது விழுக்காட்டினர் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, திட்டுக்கு அஞ்சிக் கடியை மறைக்கும். அந்தப் பிள்ளை முதலில் சொல்லத் துணியும் ஆளாக மருமகன் இருக்கவேண்டும். கீறலைக் காட்டியவனைக் கடிந்துகொள்ளாத ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தால் போதும்.

கடி விழுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உண்டு. முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று தவணை போட்டுக்கொண்டவருக்கு, பின்னர் கடி விழுந்தால் இரண்டே ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. அதாவது மலையின் தொலைவு அவருக்குப் பாதியாகிவிடுகிறது. போட்டுக்கொள்வதா, வேண்டாமா என்பது முற்றிலும் மருமகனின் முடிவு. படித்தவர், வளர்ந்தவர், எவரும் வற்புறுத்தப்போவதில்லை. வரும் திங்கட்கிழமை காலை கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் மாமா காத்திருப்பார், மருத்துவரிடம் பேசியாயிற்று, செலவு மாமாவுடையது, மூன்றாம் தவணை முடிந்தபின் மலையேறினாலும் பணியேற்கும் நாளுக்கு இடமிருக்கிறது.

இவ்வளவு எழுதியதால் மருமகன் மனம் நோகக்கூடாது. இந்தக் குடும்பத்தில் மலையேறிப் பாடம் சொல்லித்தரத் துணிந்த முதல் பிள்ளை அவர்தான். அந்தப் பெருமையை மாமா கடைத்தெருவில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பட்டியலும் அருமையான பட்டியல். சாமையும் கயிறும் அப்படியே இருக்கட்டும், சோப்பு மட்டும் சேரட்டும். நாய்க்குட்டியும் வேண்டுமென்றால் இருக்கட்டும். அதற்குரிய ஊசிகளை மாமாவே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று போட்டுவருவார், பெயர் வைப்பது மட்டும் மருமகன் பொறுப்பு. வெள்ளிமலையில் இரவில் குளிரும் என்பதால் அத்தை கம்பளி எடுத்து வைத்திருக்கிறார். எள்ளுருண்டையும் புளிக்காய்ச்சலும் தயாராகின்றன. ஜாம்பிகள் வந்தாலும் வராவிட்டாலும் முதல் விடுமுறைக்கு மாமாவும் அத்தையும் மலைக்கு வந்து, மேகம் அருவியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தங்குவார்கள்.

என்றும் அன்புடன்,
மாமா