கடைசி அறைக்கும் எட்ட வேண்டும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சோழிங்கநல்லூர் வீட்டில் நாலு பெண்கள், மூன்று படுக்கையறை, ஒரே ஃபைபர் இணைப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பின்னறைப் பெண்ணின் ஆபீஸ் கால் அறுந்து அறுந்து போகிறது, அதனால் மேனேஜரிடம் திட்டு வாங்கினாள் என்றாய். ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், ஆர்டர் போட்டுவிடலாமா என்று கேட்டாய். இரண்டு நாள் பொறு. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவள் நான். சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டு.

உங்களுடையது 50 எம்பிபிஎஸ் திட்டம். தெளிவாக ஒரு சினிமா பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். வீடியோ காலுக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும். நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் பாதியைத் தாண்டாது. ஆக, வேகம் போதாமல் கால் அறுபடவில்லை. வரிசை சரியில்லை, அலை எட்டவில்லை. இந்த இரண்டையும் ஆன்டெனாவை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் வரிசை. சிம்மக்கல்லில் நாங்கள் இருந்த காலத்தில் தெருவுக்கு ஒரே குழாய். வரிசையில் முன்னால் வந்த ஒருத்தி இருபது குடத்தை வைத்துவிட்டால், பின்னால் ஒரு சொம்போடு நிற்பவளுக்கு விடிந்துவிடும். மாடிவீட்டு ஆச்சி ஒரு சட்டம் போட்டார்: ஆளுக்கு ஒரு குடம், மறுபடி வேண்டுமானால் வரிசையின் கடைசிக்குப் போ. குழாயில் வரும் தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை, ஆனால் தெருவில் சண்டை நின்றது. உங்கள் வீட்டில் நடப்பதும் அதே கதைதான். ஒருத்தி போனைச் சார்ஜில் போட்டதும் அன்றைக்கு எடுத்த வீடியோவெல்லாம் தானாக மேலே ஏறத் தொடங்குகிறது. பின்னறைப் பெண்ணின் குரல் ஒரு சொம்புதான், ஆனால் அது இருபது குடத்துக்குப் பின்னால் நிற்கிறது. இதைத்தான் பொறியாளர்கள் 'பஃபர்ப்ளோட்' என்கிறார்கள். கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்ற இருவர் 2012-இல் வரிசையை நீளவிடாமல் காக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதோடு ஆளுக்கு ஒரு முறை என்ற பங்கீட்டையும் சேர்த்த வடிவம் 2018-இல் இணையப் பொறியாளர்களின் ஆவணமாக வந்தது. பெயர் 'எஃப்க்யூ கோடல்'. ஆச்சியின் சட்டமேதான்.

வாங்கும் ரவுட்டரில் இது இருக்கிறதா என்று பார். சிலவற்றில் 'எஸ்க்யூஎம்' என்று இருக்கும். இல்லாவிட்டால் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றக்கூடிய மாடலாக வாங்கினால் நாமே போட்டுக்கொள்ளலாம், நான் உட்கார்ந்து செய்து தருகிறேன். அட்டைப்பெட்டியில் 'க்யூஓஎஸ்' என்று மட்டும் அச்சடித்திருப்பதை நம்பிவிடாதே, அது பல சமயம் பெயருக்குத்தான். இணைப்பின் வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு என்று வரம்பு வைத்தால்தான் வரிசை இணையக் கம்பெனிக்காரன் பக்கம் சேராமல் நம் பெட்டியிலேயே நிற்கும், நாமும் அதை ஆளலாம். இப்போதே சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஃபாஸ்ட்.காம் திற. வேகத்துக்குக் கீழே கூடுதல் விவரத்தைத் தட்டினால், சும்மா இருக்கும்போது எவ்வளவு தாமதம், சுமை ஏறும்போது எவ்வளவு என்று இரண்டு எண் காட்டும். முதலாவது 10, இரண்டாவது 300 மில்லிசெகண்ட் என்று வந்தால் நோய் இதுதான்.

அடுத்தது அலை. இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2020-இல் ஊரடங்கின்போது உன் அக்கா மகன் இங்கேதான் இருந்தான். பின்னறையில் பாடம் கேட்க முடியாமல் குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பைப் பார்த்தான். நான் நாலு மாதம் கம்பெனிக்காரர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ரவுட்டர் டிவி அலமாரிக்குள் இருந்தது, பக்கத்தில் இரும்பு பீரோ. ஒருநாள் அதை எடுத்து நடைக்கு மேலே பரணில் வைத்தேன், அன்றைக்கே பின்னறைக்கு எட்டிவிட்டது. அந்தக் குழந்தை படியில் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

உங்கள் இணையக் கம்பெனி கொடுத்த பெட்டி வாசல் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிறது என்றாய். அங்கிருந்து பின்னறைக்குப் போக மூன்று கான்கிரீட் சுவர், ஒரு ஃப்ரிட்ஜ். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் அங்கே ஒன்றோடொன்று மோதாமல் இருக்க மூன்றே இடம்தான், 1, 6, 11 என்ற சேனல்கள். இருபது வீட்டு ரவுட்டர்கள் அதற்குள்ளேதான் முண்டியடிக்கின்றன. இன்னொன்றையும் உன் தோழிகளிடம் சொல். தூரத்தில் இருக்கும் கருவிக்கு அலை பலவீனமாகக் கிடைத்தால், அதே செய்தியை அனுப்ப அதற்கு அதிக நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் மற்ற கருவிகள் காத்திருக்க வேண்டும். பின்னறைக்கு எட்டாமல் போனால் முன்னறைக்காரிக்கும் நஷ்டம்தான். அதனால் ரவுட்டரைக் கடைசி அறையில் இருப்பவளை நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஒரு பெரிய ரவுட்டரைவிட இரண்டு சாதாரண ரவுட்டர் மேல். ஒன்று ஹாலில், இன்னொன்று பின்னறை வாசலில், அலையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக. இரண்டுக்கும் நடுவே கேட் 5ஈ கேபிள் இழுங்கள், நூறு மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். வாடகை வீடு, ஓட்டை போடக்கூடாது, புரிகிறது. கதவு நிலையை ஒட்டி கிளிப்பில் மாட்டினால் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. கேபிள் முடியவே முடியாது என்றால்தான், கம்பியில்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'மெஷ்' பெட்டிகள். பிளக்கில் சொருகும் மலிவான ரிப்பீட்டர் வேண்டாம். கேட்டதையே அதே அலைவரிசையில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும்.

ஏஎக்ஸ்3000 என்ற எண்ணுக்கு மயங்காதே. 574-ஐயும் 2402-ஐயும் கூட்டி முழு எண்ணாக்கி எழுதியது அது, பெரும்பாலான போன்கள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்கும். வைஃபை 6 இருந்தால் போதும். ஆனால் பின்பக்கத் துளைகள் கிகாபிட்தானா என்று கட்டாயம் பார். மலிவுப் பெட்டிகளில் 100 எம்பிபிஎஸ் துளை வைத்திருப்பார்கள், நாளைக்கு நீங்கள் 200 திட்டத்துக்கு மாறினாலும் 95-க்கு மேல் வராது. கரண்ட் போனால் இணைப்பும் போகக்கூடாது என்றால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கு. ஆம்பியரைப் பொருத்திப் பார், கம்பெனிப் பெட்டியும் அதிலேயே ஓட வேண்டும்.

இணைப்பு உன் பெயரில் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்னால் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. அவருக்குச் சம்பந்தமே இல்லை, ஆனாலும் போலீஸ் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனது. வந்துபோகிற விருந்தாளிகளுக்குத் தனி 'கெஸ்ட்' இணைப்பு கொடு. ஒருத்தி வீட்டைக் காலிசெய்தால் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்று. ரவுட்டரோடு வரும் 'அட்மின்' பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடு, பாஸ்வேர்ட் இல்லாமலே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடு. யார் எந்தத் தளத்துக்குப் போனாள் என்பதைச் சில ரவுட்டர்கள் காட்டும். அந்தப் பக்கத்தை நீ ஒருநாளும் திறக்காதே கண்ணம்மா. திறக்கமாட்டேன் என்று மற்ற மூவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடு.

காசு விஷயம்: நாலாகப் பங்கு போட்டு வாங்காதீர்கள். ஒருத்தி பாதியில் கிளம்பும்போது கால் பங்கு ரவுட்டரை யாராலும் எடுத்துப்போக முடியாது. நீயே வாங்கு, மாத பில்லை மட்டும் பங்கு போடுங்கள்.

வீட்டின் படத்தை ஒரு தாளில் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பீரோ, ஃப்ரிட்ஜ், பின்னறைப் பெண் உட்காரும் மேசை மூன்றையும் மறக்காமல் குறி. ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு தாம்பரம் வரை வருகிறேன், அப்படியே உங்கள் வீட்டுக்கும் வருகிறேன். கேபிளும் கிளிப்பும் நானே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை