குத்தகைத் தோப்பில் வில் வேட்டை

கேள்வி: சோத்துப்பாறை போகும் வழியில், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். புதிதாக வைத்த ஒட்டுக்கன்றுகளை ராத்திரியில் மான் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகிறது. டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், நிலம் குத்தகை பேசி, கூட யாரும் இல்லாமல் தானே வில்லோடு போய் மான் அடிக்கிறார். தனியார் நிலம், துப்பாக்கியும் இல்லை. என் தோப்பில் நான் அப்படிச் செய்தால் என்ன?
- ஒரு வாசகர், பெரியகுளம்

பதில்: செய்தால் ஜெயில்தான். உங்கள் மச்சான் பணம் கட்டுவது நிலத்துக்குள் போக மட்டும். மான் மாநில மக்களின் சொத்து என்றுதான் டெக்சாஸ் சட்டமும் சொல்கிறது. அதை அடிக்க லைசென்ஸும் சீசனும் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் தனி. நம் ஊரில் தோப்புக் குத்தகை என்றாலே பெரும்பாலும் காய்ப்புக்குத்தானே? மண்ணே உங்களுடையதில்லை, மான் எப்படி உங்களுடையதாகும்?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரம்பத்தில் லைசென்ஸ் வாங்கிச் சில விலங்குகளை வேட்டையாட இடமிருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பட்டா நிலமா, காடா என்பதும், வில்லா, வெடியா என்பதும் சட்டத்துக்குப் பொருட்டில்லை. கண்ணி வைப்பதும், இரை போட்டு இழுப்பதும், அடிக்க முயன்று தப்பவிட்டதும்கூட வேட்டைதான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணை விலங்கானால், அல்லது சரணாலயத்துக்குள் நடந்தால், 3 முதல் 7 ஆண்டு. உங்களுக்கு மேலே உள்ள மலையில் 2013-இல் அறிவித்த கொடைக்கானல் சரணாலயம் இருப்பதை மறக்க வேண்டாம். மான்கறி என்று யாராவது நீட்டினால் கை நீட்டாதீர்கள், வைத்திருப்பவரும் மாட்டுவார்.

2022 செப்டம்பரில் பெரியகுளம் பக்கம் ஒரு தனியார் தோட்ட வேலியில் சிறுத்தை சிக்கிச் செத்தது. முதலில் அங்கே கிடை போட்டிருந்த ஆட்டுக்காரரும், பிறகு தோட்ட மேலாளர்களும் கைதானார்கள். சொந்தக்காரர் நான் இல்லை என்பது தப்பிக்கும் வழியில்லை.

காட்டுப்பன்றியைச் சுடலாம் என்றார்களே என்பீர்கள். 2025-இல் வந்த அந்த ஏற்பாடு பன்றிக்கு மட்டும். அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான், சுடுவதும் வனத்துறை ஆட்களே.

முதலில், வருவது மான்தானா என்று பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கடித்த நுனி பிய்ந்து நார்நாராக நிற்கும். கத்தியால் சாய்வாகச் சீவியது போலிருந்தால் முயல். கன்றின் பட்டை உரிந்திருந்தால் மிளா கொம்பு உரசியிருக்கலாம். இளங்கன்றுக்கு ஆள் உயரக் கம்பிவலைக் கூண்டு போதும். சோலார் வேலி போடுவதானால் 2023 மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்துவிட்டுப் போடுங்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடும் யோசனையே வேண்டாம்.

சேதத்தைப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ. சான்றோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். குத்தகை வாய்ப்பேச்சாக இருந்தால் உரிமையாளரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பணம் யாருக்கு என்பதிலேயே மனு கிடப்பில் கிடக்கும்.