கிராபிக்ஸை முடுக்கினால் நெட்புக் பறக்காது

"நெட்புக் மெதுவாக இருக்கிறதா? கிராபிக்ஸை ஓவர்கிளாக் பண்ணுங்க, ரெண்டு மடங்கு ஸ்பீடு வரும்." இந்த அறிவுரை இன்னும் ஓயவில்லை. செகண்ட் ஹேண்டில் பத்து அங்குல நெட்புக் வாங்கும் மாணவர்கள் யாரோ சொன்ன இதே வாக்கியத்தோடு என் சர்வீஸ் மேசைக்கு வருகிறார்கள். சிலர் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். சிலர் செய்து முடித்துவிட்டு, திரையில் கோடு கோடாக ஓடும் மெஷினோடு நிற்கிறார்கள். அதனால் இதை ஒருமுறை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம்பிக்கை: நெட்புக்கின் கிராபிக்ஸ் வேகத்தை இன்டெல் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறது. பூட்டைத் திறந்தால் வீடியோவும் கேமும் வேகமாக ஓடும்.

உண்மை: இதில் ஒரு துளி நிஜம் இருப்பதால்தான் இது சாகாமல் திரிகிறது. 2008இல் வந்த நெட்புக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆட்டம் என்270 பிராசஸரும் 945ஜிஎஸ்இ சிப்செட்டும்தான் அடிப்படை. அந்தச் சிப்செட்டுக்குள் இருப்பது ஜிஎம்ஏ 950 கிராபிக்ஸ். இதே ஜிஎம்ஏ 950 மேசைக் கணினியில் 400 மெகாஹெர்ட்ஸில் ஓடும், நெட்புக்கில் 166தான். ஜிஎம்ஏபூஸ்டர் போன்ற மென்பொருள்கள் சிப்செட்டின் ஒரு ரெஜிஸ்டரை மாற்றி எழுதி அந்த எண்ணை உயர்த்தவும் செய்யும். எண் உயர்வது நிஜம். எண் உயர்ந்ததால் கணினியே வேகமாகிவிடும் என்பதுதான் பொய்.

முதலில் வீடியோ. ஜிஎம்ஏ 950 டிவிடி காலத்து எம்பெக்-2 வீடியோவுக்கு மட்டுமே ஓரளவு கைகொடுக்கும். இன்று நாம் பார்க்கும் எச்.264, விபி9 வீடியோக்களைப் பிரித்துக் காட்டும் வசதி அதற்குள் கிடையாது. அந்த வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது. இல்லாத ஒரு வசதியை எத்தனை மெகாஹெர்ட்ஸ் கொடுத்து வரவழைப்பீர்கள்? கடிகார வேகத்தைக் கூட்டினாலே போதும் என்றிருந்தால், பிராட்காம் நிறுவனம் நெட்புக்குகளுக்கென்றே கிரிஸ்டல் எச்டி என்ற வீடியோ அட்டையை விற்றிருக்காது. ஆட்டத்தோடு என்விடியா கிராபிக்ஸைச் சேர்த்து அயான் என்ற பெயரில் மெஷின்கள் வந்திருக்கவும் மாட்டா.

அடுத்து கேம். முப்பரிமாணக் காட்சியில் ஒவ்வொரு உருவத்தின் முனைகளையும் கணக்கிட வேண்டும். மற்ற பல கிராபிக்ஸ் சிப்புகள் இதைத் தாங்களே செய்யும். ஜிஎம்ஏ 950க்கு அந்தப் பகுதியே இல்லை. அதையும் பிராசஸர்தான் செய்து கொடுக்க வேண்டும். ஆட்டம் என்270ஓ கட்டளைகளை வந்த வரிசையிலேயே முடிக்கும் எளிய பிராசஸர். போதாததற்குக் கிராபிக்ஸும் பிராசஸரும் ஒரே ரேமை, ஒரே தடத்தில் பங்கு போட்டுக்கொள்கின்றன. மாவு அரைத்து வரவில்லை. தோசைக்கல்லை மட்டும் இன்னும் சூடேற்றி என்ன பயன்?

இங்கே பலர் டாஸ்க் மேனேஜரைக் காட்டி வாதாடுகிறார்கள்: "சிபியு 50 சதவீதம்தான் ஓடுது, மீதி சும்மாதானே இருக்கு?" சும்மா இல்லை. என்270இல் இருப்பது ஒரே கோர். ஹைப்பர் த்ரெடிங்கால் அது விண்டோஸுக்கு இரண்டாகத் தெரிகிறது. ஒரே இழையில் ஓடும் பழைய கேம் அந்தக் கோரைப் பிழிந்து எடுக்கும்போதும் டாஸ்க் மேனேஜர் 50 என்றுதான் காட்டும்.

நம்ப மறுப்பவர்கள் தாங்களே சோதித்துக்கொள்ளலாம். கேமின் ரெசல்யூஷனை 1024x600இலிருந்து 640x480க்குக் குறையுங்கள். கிராபிக்ஸின் வேலை பாதியாகிவிடும். அப்போதும் வேகம் ஏறவில்லையென்றால் தடை கிராபிக்ஸில் இல்லை. ஏறினால், ஓவர்கிளாக் செய்தாலும் கொஞ்சம் ஏறும். சில பழைய கேம்களில் அப்படி நடப்பதுண்டு. ரெசல்யூஷனைக் குறைத்தே அந்தப் பலனைப் பெறலாம் என்றால், போர்டை எதற்குச் சூடாக்க வேண்டும்?

சூடுதான் என் முதல் கவலை. என்270க்கு இன்டெல் குறித்த வெப்ப வரம்பு 2.5 வாட், சிப்செட்டுக்கோ 6 வாட். அந்தப் பெட்டிக்குள் அதிகம் கொதிப்பது பிராசஸரல்ல, நீங்கள் முடுக்கப்போகும் சிப்செட்தான். கடிகார வேகம் ஏற ஏற மின்செலவும் ஏறும். வோல்டேஜையும் கூட்டினால் அதன் வர்க்கத்தின் அளவில் ஏறும். பல நெட்புக்குகளில் இரண்டு சிப்பும் ஒரே தகட்டை, ஒரே சின்ன ஃபேனை நம்பியிருக்கின்றன. டெல் மினி 9இல் ஃபேனே கிடையாது. சிப் போர்டோடு ஈயமில்லாத பற்றவைப்பில் ஒட்டியிருக்கிறது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி அந்தப் பற்று விரிசல் விட்டால் சிப்பைக் கழற்றி ரீபால் செய்ய, அதாவது புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில் இன்னொரு பழைய நெட்புக்கே வாங்கிவிடலாம்.

நம்பிக்கை: ஈ பிசி 701ஐ எல்லோரும் ஓவர்கிளாக் செய்தார்களே, ஒன்றும் ஆகவில்லையே?

உண்மை: 2007இல் வந்த அந்த மெஷினில் இருந்தது 900 மெகாஹெர்ட்ஸ் செலரான். ஆசுஸ் அதை 630இல் ஓடவிட்டிருந்தது. அதை 900க்குக் கொண்டுபோனவர்கள் சிப்பை அதன் சொந்த வேகத்துக்குத் திருப்பினார்கள். சிப்பை அதற்கு வகுத்த எல்லைக்கு மேலே ஓட்டுவது வேறு சங்கதி. இதை அதற்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

நம்பிக்கை: கூலிங் பேட் வைத்தால் பயமில்லை.

உண்மை: பேட் காற்றை அடிப்பது பிளாஸ்டிக் அடிப்பலகையில். சிப்பின் சூடு உள்ளேயிருக்கும் தகட்டு வழியாகத்தான் வெளியேற வேண்டும். தூசி அடைத்த ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டால் அதைவிட அதிகம் குளிரும்.

நம்பிக்கை: கிராபிக்ஸுக்கு ரேமை அதிகம் ஒதுக்கினால் வேகம் கூடும்.

உண்மை: ஜிஎம்ஏ 950 தனக்கு வேண்டியதைத் தேவைக்கேற்பத் தானே எடுத்துக்கொள்ளும். இருப்பதே 1 ஜிபி ரேம். அதையும் பிடுங்கி ஒதுக்கினால் விண்டோஸ்தான் திணறும்.

நம்பிக்கை: ஒருமுறை ஓவர்கிளாக் செய்தால் நிரந்தரமாகிவிடும்.

உண்மை: மென்பொருள் மாற்றியது மெஷினை அணைத்தால் போய்விடும். சூட்டால் விழுந்த விரிசல் போகாது.

அப்படியென்றால் என்னதான் செய்வது? நான் சலிக்காமல் சொல்லிவரும் பதில் இதுதான். ரேமை 2 ஜிபி ஆக்குங்கள். 945ஜிஎஸ்இ தாங்கும் உச்சம் அது. சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். விண்டோஸை விட்டுவிட்டு இலகுவான லினக்ஸ் நிறுவுங்கள். என்270 32 பிட் மட்டுமே அறிந்த பிராசஸர். டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பில் அதற்கான நிறுவி இல்லை, 12ஆம் பதிப்பில் இருக்கிறது. வீடியோவை எச்.264இல், 360பி அளவில் பாருங்கள்.

இப்படிச் சீர்செய்த நெட்புக்கில் தமிழில் தட்டச்சு செய்யலாம், மின்னூல் படிக்கலாம், பைதான் கற்கலாம். ஒரு பள்ளி மாணவருக்குத் தொடங்குவதற்கு இது போதும். இது குப்பைக்குப் போக வேண்டிய பொருளல்ல. யாரோ சொன்ன பேச்சைக் கேட்டுக் கொதிக்கவைத்துக் கொல்ல வேண்டிய பொருளுமல்ல. ஓவர்கிளாக் செய்யச் சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வேலையில் தடையாக இருப்பது கிராபிக்ஸ்தான் என்று சோதித்தீர்களா?" பதில் இல்லையென்றால் அந்த அறிவுரையை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள்.