ஊசி குத்தினால் வலி குறையுமா?

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், எங்க பாட்டி முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர் போறாங்க. ஊசி குத்தினா வலி எப்படிக் குறையும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "எல்லாம் மனப்பிரமை" என்று கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் முகம் வாடிவிட்டது. படித்துப் பார்க்காமல் சொன்ன பதில் அது. அன்றிரவே தேடிப் படித்தேன். மறுநாள் அவள் கேள்வியே பாடமானது.

முதலில் ஒரு செயல்பாடு. புறங்கையில் லேசாகக் கிள்ளி, உடனே அந்த இடத்தைத் தேய்க்கச் சொன்னேன். வலி குறைந்ததாகப் பலரும் கூறினர். தொடு உணர்வு நரம்புகள் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைத் தணிக்கின்றன என்று மெல்சாக், வால் இருவரும் 1965இல் விளக்கினர்.

அடுத்து மூளையின் படம் வரைந்தேன். நடுமூளையிலிருந்து முகுளம் வழியாகத் தண்டுவடத்திற்கு ஒரு நரம்புப் பாதை இறங்குகிறது. வலிச் செய்தி மேலேறுவதை இது அடக்குகிறது. உடலே உருவாக்கும் எண்டார்பின், என்கெபலின் ஆகியவை இப்பாதையில் செயல்படுகின்றன. என்கெபலின் 1975இல் ஸ்காட்லாந்தில் கண்டறியப்பட்டது.

1977இல் அமெரிக்காவில் மேயர் குழுவினர், அக்குபஞ்சரால் பல்லில் வலியுணர்வு குறைந்தவர்களுக்கு நலாக்சோன் செலுத்தினர். அபின் வகைப் பொருள்களின் செயலைத் தடுக்கும் மருந்து அது. குறைந்திருந்த வலி திரும்பியது. ஊசி, உடலின் சொந்த வலிநிவாரணியைத் தூண்டியிருக்கலாம் என்று இதிலிருந்து கருதினர்.

"அப்போ நிஜம்தானே டீச்சர்?" என்றாள்.

"இன்னும் இரண்டு சோதனைகளையும் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்" என்றேன். 1978இல் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டபோதும் சிலருக்கு வலி குறைந்தது. நலாக்சோன் அதையும் தடுத்தது. நம்பிக்கையும் அதே பாதையைத் திறக்கிறது! 2007இல் வெளியான ஜெர்மனி ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்கு முறையான அக்குபஞ்சர் ஏறத்தாழ 48 சதவீதத்தினருக்குப் பலன் தந்தது. குறிப்பிட்ட புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபஞ்சர் 44 சதவீதத்தினருக்கு. வழக்கமான சிகிச்சை 27 சதவீதத்தினருக்கு.

மாணவர்கள் விவாதித்து மூன்று முடிவுகளை எழுதினர்: வலி குறைவது உண்மை, அதில் எதிர்பார்ப்புக்கும் பங்குண்டு, புள்ளியின் இடம் முக்கியம் என்பதை இந்த ஆய்வு உறுதிசெய்யவில்லை.

"பாட்டி பொய் சொல்லல" என்று அந்த மாணவி சிரித்தாள். முழங்கால் வலியின் காரணத்தை மருத்துவரிடம் காட்டி அறியவும், ஊசி புதியதா என்று கவனிக்கவும் சொல்லி அனுப்பினேன்.

ஆசிரிய நண்பர்களே, தெரியாத கேள்வி வந்தால் "நாளை சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறியது அதைத்தான்.