வெம்மையும் கேண்மையும்

கணிப்பொறியைச் சுமந்துகொண்டு நண்பன் இல்லத்திற்கு விளையாடச் சென்ற காலம் ஒன்று உண்டு. 1990களின் இடைப்பகுதி முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் செழித்திருந்தது. அந்நாட்டு இளைஞர் அக்கூட்டங்களை 'லான் பார்ட்டி' என்றனர். அவருட் பலர் இன்று நாற்பது வயதைக் கடந்தவர். அந்நாள்களைப் பற்றி அவர் வாய் திறப்பின், வென்ற ஆட்டங்களுக்கு முன்னரே அறையின் புழுக்கம் பேச்சில் வந்துவிடும்.

கூடி விளையாட வேண்டிய தேவை யாது? 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டில், கம்பியால் இணைந்த நான்கு கணிப்பொறிகளில் நால்வர் எதிர்நின்று ஆடலாம். 1996இல் வந்த 'குவேக்' மேலும் பலருக்கு இடந்தந்தது. அக்காலத்து இணையமோ தொலைபேசிக் கம்பி வழியே தவழ்ந்தது. விசையை அழுத்தியதன் பயன் திரையில் தோன்றுதற்குள் கால் நொடி கழிந்துவிடும். அதற்குள் எதிரி சுட்டிருப்பான்! ஆதலின், ஓரிடத்திற் கூடுவதே வழியாயிற்று.

கூடுதல் எளிதன்று. அந்நாளைய திரை, கண்ணாடிப் படக்குழாயால் ஆனது. பதினேழு அங்குலத் திரை பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதனையும் பெட்டியையும் மாடிப்படி ஏற்றி, உணவு மேசை, இஸ்திரி மேசை என்று கிடைத்த இடத்திலெல்லாம் பரப்பினர். இனி வெப்பத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். திரை ஒன்று ஏறத்தாழ 100 வாட் மின்னாற்றலை உண்ணும். கணிப்பொறியும் அவ்வளவு உண்ணும். அமர்ந்திருக்கும் மனித உடலும் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. பன்னிருவர் கூடிய அறையில் 3,600 வாட்! 1,000 வாட் மின்கணப்பு மூன்றை மூடிய அறையில் இரவெல்லாம் எரியவிட்டதற்கும் இது மிகுதி. நள்ளிரவில் மின்காப்பிழை அறுந்து வீடே இருள்வதும் உண்டு. அவ்விருளில் எழுந்த சிரிப்பை இன்றும் நினைவுகூர்வோர் உளர்.

வெப்பத்தினும் பெருஞ்சோதனை கம்பி. தொடக்கநாளில் ஒரே நெடுங்கம்பி கணிப்பொறிதோறும் தொட்டுச் சென்றது. அதன் இரு முனைகளிலும் சிறு மூடி ஒன்று பொருத்தப்படல் வேண்டும். அம்மூடி கழன்றாலும், இடையில் ஒருவர் கால் பட்டு இணைப்பு அகன்றாலும், அனைவர் ஆட்டமும் ஒருங்கே நின்றுவிடும். தவறு எங்கே என்பதை ஒவ்வோர் இருக்கையாகத் தேடல் வேண்டும். முன்பின் அறியாதவனும் மேசைக்கடியில் விளக்குடன் தவழ்வான். நட்பு முளைத்தது பெரும்பாலும் அந்த மேசைக்கடியிலேதான் என்று எண்ணுகிறேன்.

சிறு கூட்டங்கள் பெரு விழாக்களாயின. சுவீடனில் மாலுங் என்னும் சிற்றூர்ப் பள்ளியின் உணவுக்கூடத்தில் 1994இல் நடந்த 'டிரீம்ஹேக்', 2001இல் யான்சாப்பிங் நகரின் கண்காட்சிக்கூடத்தை அடைந்தது. 2007இல் அங்குப் பதினாயிரத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகள் இணைந்தன. நார்வேயின் ஹாமர் நகரில், 1994 ஒலிம்பிக் பனிச்சறுக்கலுக்காக எழுந்த அரங்கு ஒன்று உண்டு. கவிழ்த்த மரக்கலம் போன்ற கூரையுடையது. ஈஸ்டர் விடுமுறையில் 'தி கேதரிங்' என்னும் கூட்டம் அங்கே பல ஆண்டுகள் நிகழ்ந்தது. பனிச்சறுக்கலுக்குரிய அரங்கிலே ஆயிரக்கணக்கான பொறிகள் வெம்மை வீசின!

பின்னர் விரைவு இணையம் வீடுதோறும் புகுந்தது. சுமந்து செல்லும் தேவை ஒழிந்தது. 1998இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' கம்பியிணைப்பில் ஆடத்தக்கது. அதன் இரண்டாம் பகுதியில் அவ்வசதி இராது என்று 2009இல் அறிவித்தனர். பல்லாயிரவர் கையொப்பமிட்டு முறையிட்டும் பயனில்லை; 2010இல் அவ்வாறே வெளிவந்தது.

எனினும், டெக்சசில் 1996இல் ஒரு விடுதியில் தொடங்கிய 'குவேக்கான்' முற்றும் மறையவில்லை. 2025 ஆகஸ்டிலும் அங்கே தத்தம் கணிப்பொறியைச் சுமந்து வந்து, வரிசையில் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்தனர்.